கறள் பிடித்த கைவாளா, கடையில் தொங்கும் புதிய வாளா?

மரவேலையில் புதிதாகக் கைவைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பழைய இரும்புக் கடையில் ஒரு கைவாள் கிடக்கிறது. மரப்பிடி, பித்தளை ஆணி, தகடு முழுக்கக் கறள். கடைக்காரர் சொல்லும் விலையும் பெரிதாக இல்லை. எடுக்கலாமா? அல்லது நம் கிழக்கிலங்கைப் பக்கம் காத்தான்குடியிலோ கல்முனையிலோ ஒரு ஹாட்வெயார் கடைக்குப் போய், பிளாஸ்டிக் பிடி போட்ட புதிய வாளை வாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்கலாமா? 2022இல் டொலர் எகிறி இறக்குமதிச் சாமான் எல்லாம் விலை ஏறியதிலிருந்து இந்தக் கேள்வி இன்னும் கூடிவிட்டது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாளுக்கு அரம் பிடிக்கப் பழக உங்களுக்கு மனம் இருந்தால், அந்தக் காசுக்கு நல்ல பழைய வாளுக்கு நிகரான ஒன்று இன்று கடையில் இல்லை. அந்த மனம் இல்லாவிட்டால் பழைய வாள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உங்களுக்கு நட்டம்தான். சுவரில் தொங்கி மறுபடி கறள் பிடிக்கும். இடையில் இன்னும் ஒன்றிரண்டு வழிகளும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, என்ன மரம், என்ன வேலை. நம் பக்கத்தில் முதிரை, பாலை, தேக்கு, வேம்பு, பலா, மகோகனி, தென்னை, பனை என்று எல்லாம் கைக்கு வரும். முதிரையும் பாலையும் கல் மாதிரி. தேக்கு அரிய இலகு, ஆனால் அதற்குள் இருக்கும் சிலிக்கா பல்லைச் சீக்கிரம் மழுக்கும். கதவு நிலை செய்பவருக்கு வேண்டிய வாளும், கொங்கிரீட்டுக்குச் சட்டர் பலகை அடிப்பவருக்கு வேண்டிய வாளும் ஒன்றாக இருக்க முடியாது.

இரண்டாவது, முழுச் செலவு. வாளின் விலை மட்டும் கணக்கில்லை. அரம், பல் விரிக்கும் கருவி, வாட்டர் பேப்பர், எண்ணெய், போய்வரும் பஸ் காசு எல்லாம் சேரும். கடை விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாயில் எழுதாமல், ஒன்றுக்கு மற்றொன்று எத்தனை மடங்கு என்று சொல்கிறேன்.

மூன்றாவது, மழுங்கிய பிறகு என்ன செய்வீர்கள். நான் அதிக எடை கொடுப்பது இதற்குத்தான். எந்த வாளும் ஒருநாள் மழுங்கும். வாங்கிய அன்று எப்படி வெட்டுகிறது என்பதைவிட, மழுங்கிய அன்று உங்கள் கையில் என்ன வழி இருக்கிறது என்பதுதான் அந்த வாளின் உண்மையான விலையைத் தீர்மானிக்கிறது.

நான்காவது நேரம். ஐந்தாவது நம் ஊர்க் காற்று: ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, ஒக்டோபர் முடிந்தால் மாரி. துடைக்காமல் வைத்த தகடு மாரி காலத்தில் ஓர் இரவிலேயே பழுப்பு நிறம் காட்டும்.

இன்னொரு அடிப்படை விஷயம். வாளில் இரண்டு வகைப் பல் உண்டு. மரத்தின் நாரோடு நீளவாக்கில் அரியும் வாளின் பல் வரிசையாக நிற்கும் சின்ன உளிகளைப் போல, முகம் நிமிர்ந்து நிற்கும். நாரைக் குறுக்கே அறுக்கும் வாளின் பல் சற்றுப் பின்சாய்ந்து, கத்தி முனை போலச் சரித்து அராவப்பட்டிருக்கும். அங்குலத்துக்கு 5, 6 முனை இருந்தால் பெரும்பாலும் நீளவாக்கு; 8 தொடக்கம் 12 வரை என்றால் குறுக்கு. பல பழைய வாள்களில் பிடிக்குக் கீழே, தகட்டின் அடிமூலையில் இந்த எண்ணைக் குத்தியிருப்பார்கள். கறளைச் சுரண்டிப் பாருங்கள், தெரியும்.

## பழைய வாளை வாங்கி நாமே திருத்துவது

எங்கே தேடுவது? பழைய இரும்பு, பித்தளை எடுக்கும் கடைகள் முதல் இடம். அவர்கள் வாளை எடைக்குத்தான் எடுக்கிறார்கள். 26 அங்குல வாள் ஒன்று பிடியோடு சேர்த்து ஒரு கிலோவுக்கும் குறைவு. ஆகவே அவர்களின் கைமுதல் மிகச் சின்னது என்பதை மனதில் வைத்து விலை பேசுங்கள். "பழைய இங்கிலாந்துச் சாமான்" என்று விலையை ஏற்றினால், புதிய வாளின் விலையில் மூன்றில் ஒன்றுக்கு மேல் போகாதீர்கள். மீதிக் காசு அரத்துக்கு வேண்டும். இரண்டாவது இடம், தொழிலை விட்ட ஓடாவிமாரின் வீடுகள். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட, அப்பாவின் ஆயுதப் பெட்டி தாழ்வாரத்தில் கிடக்கும். கேட்கும்போது மரியாதையாகக் கேளுங்கள். அது ஒரு மனிதன் பிழைத்த கருவி. அங்கே கிடைக்கும் வாள் பெரும்பாலும் இரும்புக் கடை வாளைவிட நல்லது, ஏனென்றால் கடைசி நாள் வரை ஒருவர் அதைக் கவனித்துப் பாவித்திருக்கிறார்.

வாளைக் கையில் எடுத்ததும் கறளைப் பார்க்காதீர்கள். எல்லாரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். மேல்கறள் ஒரு பிரச்சினையே இல்லை. பார்க்க வேண்டியவை வேறு.

பிடியைக் கண்ணருகே கொண்டுவந்து, பல் வரிசை மேலே இருக்க, நுனியை வெளிச்சத்துக்கு நீட்டி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பல் வரிசை ஒரே கோடாக ஓட வேண்டும். முழு நீளத்துக்கும் மெதுவாக ஒரு பக்கம் வளைந்திருந்தால் பரவாயில்லை, எதிர்ப்பக்கமாக வளைத்து நிமிர்த்தலாம். ஓரிடத்தில் சட்டென்று முறிந்த மாதிரி மடங்கியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். சுத்தியலால் அதை நிமிர்த்துவது கைப்பழக்கம் உள்ளவர் வேலை. மரத்துக்குள் வாள் இறுகி நின்றபோது வேகமாகத் தள்ளியவர்கள் செய்த மடிப்பு அது. நுனிப் பக்கத்தில்தான் அதிகம் இருக்கும்.

அப்புறம் தகட்டை மெதுவாக வில்லாக வளைத்து விடுங்கள். நல்ல உருக்கு அப்படியே நேராகத் திரும்பும். வளைந்தபடி நின்றால் அதை எடுக்க வேண்டாம்.

மூன்றாவது, பல்லடியில் குழி. நகத்தால் தடவினால் கறள் குழிகள் தட்டுப்படும். தகட்டின் நடுவில் இருந்தால் கவலையில்லை. பல் வரிசைக்கு மேலே அரை அங்குலத்துக்குள் ஆழமான குழிகள் இருந்தால், பல்லை விரிக்கும்போதோ அராவும்போதோ ஒவ்வொன்றாக உடையும். கல்லடியிலிருந்து திருக்கோவில் வரை கடலோர வீடுகளில் வரும் வாள்களில் இதைக் கட்டாயம் பாருங்கள். 2004 சுனாமியில் உப்புத் தண்ணீரில் ஊறிப் பிறகு மணலுக்குள் கிடந்தவை இன்னும் இரும்புக் கடைகளுக்கு வருவதுண்டு. மேலே துடைத்துக் காட்டினாலும் அந்தக் குழி மறையாது.

நான்காவது, தகட்டில் எவ்வளவு மிச்சம். பல வருடம் அராவி அராவி நுனி இரண்டு விரல் அகலத்துக்கும் குறைந்துபோன வாளுக்கு ஆயுள் கொஞ்சம்தான். ஐந்தாவது பிடி. பிடியின் மூலையில் நீளும் கொம்பு உடைந்திருந்தால் பலாவிலோ தேக்கிலோ ஒரு துண்டு ஒட்டிச் சீவிவிடலாம். உளுத்துப் போயிருந்தால் புதுப் பிடி வெட்ட வேண்டும், ஒரு நாள் கூடுதல் வேலை. பித்தளை ஆணிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிக்கொள்ளுங்கள், அவை நம் பக்கத்தில் தனியாகக் கிடைப்பது அரிது.

ஒன்று இரண்டு பல் உடைந்திருந்தால் தயங்க வேண்டாம். வெட்டும்போது தெரியவே தெரியாது. சேர்ந்தாற்போல் நாலைந்து பல் போயிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பெயரைப் பற்றி. பிடியில் பதித்திருக்கும் பித்தளை வில்லையில் ஹென்றி டிஸ்டன், பிலடெல்பியா என்று இருந்தால் அது 1840இல் தொடங்கிய அமெரிக்கப் பட்டறை. குடும்பத்தின் கையை விட்டு 1955இல் கம்பனி விற்கப்பட்டது. அதற்கு முந்தைய வாள்கள்தான் பேர்போனவை. பழையவற்றில் ஆப்பிள் மரப்பிடி இருக்கும். ஷெஃபீல்ட் என்று பொறித்த ஸ்பியர் அன்ட் ஜக்சன், டைசாக் வாள்கள் எங்கள் நாட்டுக்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்து வந்தவை. சுவீடனின் சான்ட்விக்கும் நல்ல உருக்கு. ஆனால் வில்லையில் "வாரன்டட் சுப்பீரியர்" என்று மட்டும் இருந்தால் அது செய்தவர் பெயர் இல்லை. பல கம்பனிகள் பொதுவாகப் பாவித்த வில்லை. அதைக் காட்டி யாராவது விலை கூட்டினால் இணங்காதீர்கள். பெயரே இல்லாத ஒரு நேரான வாள், மடிந்த டிஸ்டனைவிட மேல்.

பழைய தரமான வாள்களில் இன்னொரு சிறப்பு உண்டு. பல் பக்கம் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர் தடிப்பு, முதுகுப் பக்கம் அதைவிட மெலிவு. இப்படி முதுகை மெலிய அரைத்திருப்பதால் தடத்துக்குள் தகடு இறுகாது, பல்லை அதிகம் விரிக்கத் தேவையில்லை, தள்ளும் கைக்கும் நோவு குறைவு. இன்றைய மலிவு வாள்கள் மேலும் கீழும் ஒரே தடிப்பு. பாலையில் ஓரடி அரிந்து பார்த்தால் வித்தியாசம் தோளுக்கு விளங்கும்.

### திருத்தும் வேலை

பிடியைக் கழற்றித் தகட்டை ஒரு பலகையில் படுக்க வையுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொஞ்சம் ஊறவிட்டு, சவர பிளேட்டைச் சரித்துப் பிடித்துச் சுரண்டுங்கள். கறள் பழுப்புச் சேறாகத் திரண்டு வரும். அதன்பின் மரக்கட்டையில் சுற்றிய வாட்டர் பேப்பர், முதலில் 240, பிறகு 400, தகட்டின் நீளவாக்கில். பிடிக்கு அருகே, தகட்டின் நடுவில் வந்ததும் கையை மெதுவாக்குங்கள். கட்டை போட்டுத் தேய்த்தால் மேட்டில் மட்டும்தான் பேப்பர் படும்; பள்ளத்தில் கறுப்பாக நிற்கும் கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாக எழுத்தாகக் கூடும். கம்பனி பெயர், ஊர், சில வேளை ஒரு சித்திரம். செய்தவர் அமிலத்தால் பொறித்த முத்திரை அது. விரலால் நேரே தேய்த்தால் அந்தப் பள்ளமும் சேர்ந்து போய்விடும்.

கிரைண்டரைத் தகட்டுக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். ஓரிடம் சூடேறி நீலம் பூத்தால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது, திரும்ப வராது. வினாகிரியில் ஊறப்போடுவது இலகு என்று சிலர் சொல்வார்கள். அது கறளை எடுக்கும், ஆனால் தகட்டைச் சாம்பல் நிறமாக்கி முத்திரையையும் மங்கச் செய்யும். வேறு வழியில்லை என்றால் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே செய்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள். உடனே என்றால் உடனேதான். தேநீர் குடித்துவிட்டு வந்தால் மெல்லிய மஞ்சள் படர்ந்திருக்கும்.

பிடிக்கு லின்சீட் எண்ணெய் போதும். பழைய பிடியின் நிறத்தைச் சீவி எடுக்க வேண்டாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். லின்சீட் எண்ணெய்த் துணி தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள்.

இதுவரை செய்தது அழகு வேலை. வாள் இன்னும் வெட்டாது.

இரண்டு நீளப் பலகைக்கு நடுவே தகட்டை இறுக்கி, பல் மட்டும் வெளியே தெரிய வைஸில் பிடியுங்கள். தட்டை அரத்தைப் பல் வரிசையின் தலைமேல், வாளின் நுனியிலிருந்து பிடிப்பக்கம் வரை மெதுவாக ஓட்டுங்கள். இப்போது குனிந்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். ஒவ்வொரு பல்லின் தலையிலும் ஒரு சின்ன மினுக்கம். உயரமான பல்லில் பெரிய மினுக்கம், குட்டையான பல்லில் பொட்டளவு, மிகக் குட்டையில் ஒன்றுமே இல்லை. எல்லாப் பல்லிலும் மினுக்கம் வரும்வரை தட்டை அரம். பிறகு முக்கோண அரத்தைப் பல்லிடுக்கில் வைத்து, அந்த மினுக்கம் சரியாக மறையும் வரை அராவுங்கள். மறைந்த கணத்தில் நிறுத்த வேண்டும். இன்னொரு தள்ளு தள்ளினால் அந்தப் பல் பக்கத்துப் பல்லைவிடக் குட்டையாகிவிடும். அரம் முன்னே போகும்போது மட்டும் வெட்டும். பின்னே இழுக்கும்போது தூக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அரம் சீக்கிரம் சாகும்.

அடுத்தது பல் விரிப்பு. ஒன்றுவிட்டொரு பல்லை இடமும் வலமுமாகச் சற்று வளைப்பது. பல்லின் மேல் பாதியை மட்டும் வளைக்க வேண்டும். அடியிலிருந்து வளைத்தால் உடையும். காய்ந்த முதிரைக்குக் கொஞ்சம் விரிப்புப் போதும், பச்சை மரத்துக்கும் தென்னைக்கும் கூட வேண்டும். பல் உருவம் தேறி, விரிப்பும் வந்தபின் கடைசியாக ஒரு முறை லேசாக அராவிக் கூராக்க வேண்டும்.

நீளவாக்கு வாளில் அரத்தை நேர் குறுக்கே பிடித்தால் போதும். குறுக்கு வாளில் கிட்டத்தட்ட 20 பாகை சரிக்க வேண்டும், பல் முகமும் சுமார் 15 பாகை பின்சாய வேண்டும். அதனால் முதல் வாளாக 5 அல்லது 6 முனை நீளவாக்கு வாளைத் தேடி அதில் கை பழகுங்கள். பல் பெரிது, கண்ணுக்குத் தெரியும், அரம் நேர். அதில் தேறினால் மற்றது வரும்.

### மறைந்திருக்கும் செலவு

அரம்தான். நல்ல முக்கோண அரம் ஒன்று சில வேளை இரும்புக் கடையில் வாளுக்குக் கொடுத்த விலையையே தாண்டும். 8 முனை வாளுக்கு 6 அங்குல மெல்லிய அரம், 5, 6 முனைக்கு 7 அங்குலம். சைக்கிள் கடை மூலையில் கிடக்கும் மலிவு அரம் நாலு பல்லில் வழுக்கத் தொடங்கும். அந்த மலிவு வேண்டாம். அடுத்தது பல் விரிக்கும் சோ செட். ஷெஃபீல்டில் ஜேம்ஸ் நீல் கம்பனி செய்த எக்லிப்ஸ் 77 பழைய ஆயுதப் பெட்டிகளில் இருந்தால் வாளையே விட்டாலும் அதை விடாதீர்கள். அது இல்லாமலும் சில வாளைத் தொடங்கலாம், ஏனென்றால் பல பழைய வாள்களில் விரிப்பு மிச்சமிருக்கும்; இரண்டு மூன்று தடவை தீட்டியபின்தான் மறுபடி விரிக்க வேண்டிவரும்.

நேரம்: முதல் வாளுக்கு ஒரு வார இறுதி முழுவதும் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழகிய பின் தீட்டுவது மட்டும் அரை மணித்தியாலத்துக்குள் முடியும். அராவும் கருவிகள் ஒருமுறை வாங்கினால் அடுத்த வாள்களுக்கும் அவைதான், ஆகவே ஒரே ஒரு வாளுக்காக இந்த வழியில் இறங்குவது செலவு. இரண்டு மூன்று வாள் வைத்து நெடுநாள் வேலை செய்யப்போகிறவருக்கு இதைவிட மலிவு வேறில்லை.

## தீட்டிய பழைய வாளை ஓடாவியிடம் எடுப்பது

இந்த வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. ஒரு மூத்த ஓடாவியாரிடம் போய், "ஐயா, வேலை செய்கிற நிலையில் ஒரு வாள் மிச்சம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அல்லது இரும்புக் கடையில் எடுத்த வாளைக் கொண்டுபோய்த் தீட்டித் தரச் சொல்லுங்கள். கூலி கொடுக்க வேண்டும்; ஆனால் அரமும் செட்டும் வாங்கும் செலவு இல்லை, முதல் நாளே வாள் வெட்டும்.

பெரிய இலாபம் வேறு. நன்றாகத் தீட்டிய வாள் எப்படிப் போக வேண்டும் என்று உங்கள் கைக்குத் தெரிந்துவிடும். அழுத்தாமல், தன் பாரத்திலேயே மரத்துக்குள் இறங்கும். இதை ஒருமுறை உணராதவர், தான் தீட்டியது சரியா பிழையா என்று எப்படித் தீர்மானிப்பார்? பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவும் விடுவார்கள். கேட்டால் காட்டித் தராத ஓடாவி குறைவு.

இதன் குறை, ஆள் கிடைப்பது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்போது தளபாடப் பட்டறைகள் பெரும்பாலும் மெஷினில் ஓடுகின்றன. கைவாள் தீட்டும் வயதான ஓடாவிமார் வருடா வருடம் குறைகிறார்கள். ஒவ்வொரு முறையும் வாளைச் சுமந்துகொண்டு ஊருக்கு வெளியே போக வேண்டிவந்தால், மழுங்கிய வாளோடு காலம் தள்ளத் தொடங்கிவிடுவீர்கள். பக்கத்து ஊரில் ஓடாவியார் இருந்தால் இதுதான் மிகச் சிறந்த தொடக்கம். முதல் தடவை அவர், அடுத்த தடவை அவர் பார்க்க நீங்கள்.

## புதிய வாள், கருத்த பல் நுனியோடு

ஹாட்வெயார் கடைகளில் தொங்கும் வாள்களில் பெரும்பாலானவற்றின் பல் நுனி கருநீலமாக இருக்கும். நுனியை மட்டும் மின்தூண்டலால் சூடேற்றிக் கடினமாக்கியிருக்கிறார்கள். இந்தப் பல் சாதாரணப் பல்லைவிடப் பலமடங்கு நாள் கூராக நிற்கும். ஆனால் அரத்தைவிடக் கடினம். அரம் வைத்தால் வழுக்கும். மழுங்கினால் கதை முடிந்தது. கடையில் பெட்டி வாசகத்தை நம்பாமல், பல் நுனியின் நிறத்தைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ளலாம்.

தூக்கி எறியும் பொருள் என்று இதை மட்டமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சட்டர் பலகை அரியும்போது உள்ளே ஆணி இருக்கும், சீமெந்து ஒட்டியிருக்கும். ஒரு ஆணியில் நல்ல பழைய வாளைக் கொடுத்தால் ஒரு நாள் தீட்டும் வேலை. அந்த வேலைக்கு இதுதான் சரி. பிளைவூட்டும், எம்டிஎஃப் என்னும் மரநார்ப் பலகையும் பசையால் பல்லைத் தின்னும், அதற்கும் இதுதான். வேலி, கோழிக்கூடு, கூரைச் சலாகை என்று வருடத்தில் சில தடவை மட்டும் வாள் எடுக்கும் வீட்டுக்காரருக்கும் இதையே சொல்வேன். வாங்கிய அன்றே வெட்டும், பழக ஒன்றுமில்லை.

மறைந்த செலவு இரண்டு. தேக்கோடும் முதிரையோடும் தினமும் மல்லுக்கட்டுபவருக்கு இது அடிக்கடி மாற்றும் செலவு. டொலர் ஏறினால் கூடவே ஏறும். இரண்டாவது, நீளவாக்கில் அரிவது. இந்த வாள்களின் பல் பெரும்பாலும் இரண்டு பக்கமும் போகும்படி செய்த நடுத்தர அமைப்பு. நாலடி தேக்குப் பலகையை நீளவாக்கில் கீற ஆரம்பித்தால் கை ஓய்ந்துவிடும். மழுங்கிய பின் தகட்டை எறியாமல் சதுரத் துண்டுகளாக வெட்டினால் மரம் சுரண்டும் நல்ல சுரண்டி கிடைக்கும்.

அரம் போடக்கூடிய புதிய வாள்களும் உண்டு. நம் பக்கக் கடைகளில் அவை அரிதாகத்தான் வருகின்றன. வந்தாலும் நல்லது விலை கூட, மலிவு உருக்கு மெத்தென்றது. இரண்டுக்கும் நடுவில் பழைய வாள்தான் வெல்கிறது.

இழுத்து வெட்டும் ஜப்பான் வாளைப் பற்றியும் கேட்கிறார்கள். தகடு மெலிவு, வெட்டு மிக நேர்த்தி. மெல்லிய மரத்துக்கும் பொருத்து வெட்டுக்கும் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் முதிரையிலும் பாலையிலும் அந்த நீண்ட மெல்லிய பல் உடையும். மாற்றுத் தகடு கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டிவரும். முதல் வாளாக வேண்டாம்.

## மின் வட்டவாள்

நாளுக்குப் பல பலகை நீளவாக்கில் கீற வேண்டும் என்றால் கைவாளோடு போட்டியே இல்லை; இதை எடுங்கள். கூலிக்கு வேலை செய்பவருக்கு நேரம்தான் காசு. அதேநேரம் மரக்காலையில் மெஷினில் கீறித் தரச் சொல்வதும் ஒரு வழி. மாதத்துக்கு ஒருமுறைதான் தேவை என்றால் அதுதான் மலிவு.

செலவு வாளோடு முடியாது. முதிரைக்கு நல்ல கார்பைட் தட்டு வேண்டும், கண்ணாடி வேண்டும், காதுக்கு வேண்டும், தூசுக்கு முகக்கவசம் வேண்டும். மரம் தட்டை இறுக்கினால் வாள் பின்னால் எகிறும். பழகாத கைக்கு ஆபத்து. 2022இல் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பட்டறையில் ஒரு கூரான கைவாளாவது இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

## ஒரே பார்வையில்

| | பழையது, நாமே திருத்த | ஓடாவி தீட்டியது | கருத்த பல் புதியது | மின் வட்டவாள் |
|---|---|---|---|---|
| முதல் செலவு | வாள் மலிவு, அரமும் செட்டும் விலை கூட | நடுத்தரம் | நடுத்தரம் | அதிகம் |
| மழுங்கினால் | நாமே அராவலாம் | ஓடாவியிடம் போக வேண்டும் | புதிது வாங்க வேண்டும் | தட்டு மாற்ற வேண்டும் |
| முதிரை, பாலை, தேக்கு | மிக நல்லது | மிக நல்லது | போகும், மழுங்கினால் மாற்ற வேண்டும் | நல்லது |
| சட்டர், பிளைவூட் | வேண்டாம் | வேண்டாம் | இதுதான் | பிளைவூட்டுக்கு நல்லது |
| வேலைக்குத் தயாராக | ஒரு வார இறுதி | அன்றே | அன்றே | அன்றே, பழக நாள் வேண்டும் |
| உப்புக் காற்றில் | எண்ணெய் கட்டாயம் | எண்ணெய் கட்டாயம் | எண்ணெய் நல்லது | உலர்ந்த இடம் |

## யாருக்கு எது

தளபாடம், கதவு, பெட்டி என்று மரவேலையை நெடுநாள் செய்ய ஆசைப்படுபவர் பழைய வாளுக்கே போகலாம். முடிந்தால் முதல் வாள் ஓடாவியிடம், இரண்டாவது இரும்புக் கடையில். ஒன்று 6 முனை நீளவாக்கு, மற்றது 8 முனை குறுக்கு. இந்த இரண்டும் இருந்தால் பெரும்பாலான வேலை முடியும்.

கட்டட வேலைக்குப் போகிறவர் கருத்த பல் வாளை வாங்கி, மழுங்கியதும் தயங்காமல் மாற்றுங்கள். இரண்டு வேலையும் செய்பவர் இரண்டையும் வைத்திருக்க வேண்டும். பழைய வாளைச் சட்டர் பலகைப் பக்கம் யாரும் எடுத்துப் போகாதபடி வீட்டிலேயே வையுங்கள். இரவல் கேட்டு வருபவருக்குப் புதிய வாளைக் கொடுங்கள்.

வீட்டில் அப்பாவின் அல்லது பாட்டனாரின் வாள் ஏற்கெனவே இருந்தால் கணக்கே வேறு. வாங்கும் செலவு இல்லை, வாளும் யாருடையது என்று தெரியும். பல்லடி நன்றாக இருந்தால் அதைத் திருத்துங்கள். பல்லடி குழி விழுந்திருந்தாலும் தகட்டை மாற்றி அந்தப் பிடியையாவது இன்னொரு வாளில் போடலாம். பழைய ஆணித் துளைகள் புதிய தகட்டோடு ஒத்துவராவிட்டால் புதிதாகத் துளைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

எந்த வாளை எடுத்தாலும் வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் தகட்டின் இரு பக்கமும் ஒருமுறை துடையுங்கள். தேங்காய் எண்ணெய் அவசரத்துக்குச் சரி, ஆனால் தூசியைப் பிடித்து வைக்கும். மாரி காலத்தில் சீமெந்துச் சுவரில் சாத்தி வைக்காதீர்கள். சுவரின் ஈரம் தகட்டுக்கு ஏறும். மரச்சட்டத்தில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். வெட்டும்போது வாள் இறுகினால் மெழுகுதிரியைத் தகட்டில் இரண்டு தரம் இழுத்தால் போதும்.

இரும்புக் கடையில் இரண்டு பழைய வாள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்து எதை எடுப்பது என்று குழம்பினால், வில்லையில் என்ன பெயர் என்று பார்க்காமல் நேராக இருப்பதை எடுங்கள். இரண்டும் நேர் என்றால் நுனி அகலமானதை. அதுவும் சமம் என்றால் உங்கள் கைக்குப் பிடி பொருந்துவதை.